சிபாப் ஹியூமிடிஃபையர்: குழாயில் தண்ணீர் நிற்கிறது, வாயோ காய்ந்து போகிறது. கூட்டுவதா, குறைப்பதா?

தாம்பரம்_சேகர்

எல்லோருக்கும் வணக்கம். வயது 54. தூக்கப் பரிசோதனையில் ஏஹெச்ஐ 38 வந்தது. அதாவது மணிக்கு 38 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. 30-ஐத் தாண்டினாலே தீவிரம் என்று சொல்லி டாக்டர் சிபாப் மெஷின், அதாவது தூங்கும்போது மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும் மெஷின், எழுதிக் கொடுத்தார். அழுத்தம் 11. பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது நின்றுவிட்டது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதை விடக்கூடாது என்று உறுதியாக இருக்கிறேன்.

தொல்லையெல்லாம் அந்தக் காற்றுக்கு ஈரமூட்டும் ஹியூமிடிஃபையரில்தான். நடுராத்திரியில் குழாய்க்குள் களக் களக் என்று சத்தம் கேட்கிறது. திரும்பிப் படுத்தால் மூக்கில் தண்ணீர் தெறிக்கிறது, தூக்கமே போய்விடுகிறது. குழாயில் இவ்வளவு ஈரம் இருந்தும் காலையில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக் கிடக்கிறது, மூக்கு ஒரு பக்கம் அடைத்துக்கொள்கிறது. மெஷின் கொடுத்தவர் ஈரப்பதத்தை 8-ல் வைத்துவிட்டுப் போனார், அதற்கு மேல் அளவே இல்லை. போன் செய்தால் "போகப் போகப் பழகிடும் சார்" என்கிறார்.

மற்ற விவரங்கள்: ஏசி 20-ல் ஓடும், கூடவே மின்விசிறி. மூக்குக்கு மட்டும் போடும் மாஸ்க். சாதாரணக் குழாய்தான், சூடாகும் குழாய் இல்லை. ஏர்சென்ஸ் 10 மெஷின். ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா?

கோவை_வாசன்

குறையுங்கள் சார். 3-ல் வைத்துப் பாருங்கள். எனக்குத் தண்ணீர் தெறிப்பது அன்றைக்கே நின்றது.

இரவுப்பறவை

வாசன் சொல்வது தண்ணீருக்குச் சரி. ஆனால் சாருக்கு ஏற்கெனவே வாய் காய்கிறது. 3-க்குக் கொண்டுவந்தால் இன்னும் மோசமாகாதா? இதே நிலையில் என் மாமனார் ஈரப்பதத்தைக் கூட்டித்தான் வைத்திருக்கிறார்.

மலர்_சுவாசப்பிரிவு

சேகர் சார், நான் மதுரையில் ஒரு தூக்க ஆய்வகத்தில் சுவாச சிகிச்சைப் பணியில் இருக்கிறேன். உங்கள் டாக்டரின் இடத்தில் இருந்து பேசவில்லை. ஆனால் இந்தக் கேள்வி வாரம் தவறாமல் எங்களிடம் வருகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் வெறுத்துப்போய் மெஷினைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அது எனக்குப் பெரிய வருத்தம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்களுக்கு இருப்பது ஒரு தொல்லை இல்லை, இரண்டு. குழாயில் தண்ணீர் நிற்பதற்கு ஒரு காரணம், வாய் காய்வதற்கு வேறு காரணம். ஒரே பட்டனை மேலும் கீழும் திருகி இரண்டையும் சரிசெய்ய முடியாது. வாசனும் இரவுப்பறவையும் எதிரெதிராகச் சொல்வதற்கும் இதுதான் காரணம். இருவருமே பாதி சரி.

முதலில் தண்ணீர். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு சூடாகி, மேலே ஓடும் காற்றில் ஆவியை ஏற்றுகிறது. 27 டிகிரியில் ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 26 மில்லிகிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 மில்லிகிராம்தான் தாங்கும். உங்கள் காற்று சூடாகக் கிளம்பி, ஏசியில் சில்லிட்டுக் கிடக்கும் ஆறடிக் குழாய்க்குள் வருகிறது. தாங்க முடியாத ஆவி குழாய்ச் சுவரில் படிந்துவிடுகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்க்கிறதே, அதுவேதான் இங்கே குழாய்க்கு உள்பக்கம் நடக்கிறது. விட்ட மூச்சு வெளியேறுவதற்காக மாஸ்கில் வைத்திருக்கும் ஓட்டைகள் வழியாக நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் படிந்தால்கூட ஒரு மணி நேரத்தில் 9 மில்லி தண்ணீர். நடைமுறையில் காற்று முழுக்க அறைக்குளிருக்கு இறங்கிவிடாது. அதில் பாதி என்று வைத்துக்கொண்டாலும் விடிவதற்குள் ஒரு சின்ன டீ கிளாஸில் பாதியை நெருங்கிவிடும். குழாய் தொங்கி வளையும் இடத்தில் அது தேங்கும். அதுதான் உங்கள் களக் களக்.

ஆகவே முதலில் கை வைக்க வேண்டியது அறையின் குளிரில். ஏசியை 25, 26-க்குக் கொண்டுவாருங்கள். ஏசிக் காற்றோ மின்விசிறிக் காற்றோ குழாய் மேல் நேராக அடிக்கக் கூடாது. குழாய்க்குத் துணி உறை கிடைக்கும். கிடைக்காவிட்டால் பழைய காட்டன் துணியைச் சுற்றித் தைத்துக்கொள்ளலாம், அல்லது குழாயைப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளலாம். மெஷின் தலைமாட்டு அலமாரியில் உயரமாக இருந்தால் கீழே இறக்கி, கட்டில் மட்டத்துக்குத் தாழ்வான ஸ்டூலில் வையுங்கள். தேங்கும் தண்ணீர் முகத்துக்கு வராமல் தொட்டிக்கே திரும்பும். 8-லிருந்து 4-க்கு வாருங்கள். இதெல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால் சூடாகும் குழாய் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

இப்போது வாய். மூக்கு மாஸ்க் போட்டிருப்பவர் தூக்கத்தில் வாயைத் திறந்தால் மூக்கு வழியாகப் போகும் காற்று வாய் வழியாக வெளியே ஓடிவிடும். சாதாரணமாக மூச்சை வெளியே விடும்போது மூக்கு அந்த மூச்சிலிருக்கும் ஈரத்தில் கொஞ்சத்தைத் திரும்பப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வாய்க்கசிவில் காற்று ஒரே திசையில் போவதால் போன ஈரம் போனதுதான். மூக்கின் உள்தோல் காய்ந்து வீங்கும், மூக்கு அடைக்கும். அடைத்தால் வாய் இன்னும் திறக்கும். 1981-ல் சிபாப் சிகிச்சையை முதன்முதலில் வெளியிட்ட சிட்னி டாக்டர் காலின் சல்லிவனின் குழுவே 1996-ல் இதை அளந்து காட்டியிருக்கிறது. வாய்க்கசிவு மூக்கடைப்பைக் கூட்டுகிறது, நன்றாகச் சூடாக்கி ஈரமூட்டிய காற்று கொடுத்தால் அது பெருமளவு குறைகிறது. அதனால்தான் இரவுப்பறவையின் மாமனாருக்குக் கூட்டி வைத்தது உதவியிருக்கும். கசிவு கொஞ்சமாக இருந்தால் ஈரம் ஈடுகட்டும். நிறைய இருந்தால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஈடுகட்டாது.

எனவே சேகர் சார், இதைப் பார்த்துச் சொல்லுங்கள்: காலையில் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் மிச்சம்? மெஷின் திரையில் மாஸ்க் சீல் (காற்று கசிகிறதா என்று காட்டும் படம்) சிரித்த முகமா, வாடிய முகமா? இரவில் வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்? சர்க்கரை இருக்கிறதா?

தாம்பரம்_சேகர்

மலர் மேடம், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. சர்க்கரை இல்லை, போன மாதம்தான் பார்த்தேன். மாஸ்க் சீல் பெரும்பாலும் வாடிய முகம்தான். மாஸ்க் முகத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதே, ஏன் இப்படிக் காட்டுகிறது என்று விட்டுவிட்டேன். தொட்டி 380 மில்லி, கோடு வரை ஊற்றுகிறேன், காலையில் அடியில் ஈரம் மட்டும் இருக்கும். தும்மலுக்காக இரவில் செட்டிரிசின் போடுவேன். மூக்கடைப்புக்கு ஒரு சொட்டு மருந்து, சைலோமெட்டாசோலின் என்று போட்டிருக்கிறது. அது இல்லாமல் மாஸ்க் போடவே முடியவில்லை.

மலர்_சுவாசப்பிரிவு

இப்போது படம் தெளிவாகிறது சார். மாஸ்க் முகத்தில் சரியாக உட்கார்ந்திருந்தும் வாடிய முகம் வந்தால், காற்று வாய் வழியாகப் போகிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். மாஸ்க் ஓட்டை வழியாகப் போக வேண்டிய காற்றை மெஷின் கழித்துவிட்டுத்தான் கசிவைக் கணக்கிடும். அது நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் வாடிய முகம் காட்டும். தொட்டி விடிவதற்குள் காலியாவதும் அதையே சொல்கிறது. கசிவை ஈடுகட்ட மெஷின் கூடுதல் காற்றைத் தள்ளுகிறது, அது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

செட்டிரிசின் பலருக்கு வாயை உலர்த்தும். நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்று உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதைவிட எனக்குக் கவலை அந்தச் சொட்டு மருந்துதான். சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் வகைகளை விடாமல் போட்டால் மருந்தின் வேகம் இறங்கும்போது மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும், மறுபடி சொட்டைத் தேட வைக்கும். நாலைந்து நாளுக்கு மேல் போகக் கூடாத மருந்து அது. தினமும் போடுகிறீர்கள் என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். அலர்ஜிக்கு தினமும் அடிக்கக்கூடிய ஸ்பிரே வேறு இருக்கிறது, மூக்குத்தண்டு வளைந்திருக்கிறதா என்பதையும் அவர் பார்ப்பார். உங்கள் விஷயத்தில் ஹியூமிடிஃபையரைவிட மூக்குத்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். மூக்கு திறந்தால் வாய் தானாக மூடும்.

ஒரு வேண்டுகோள். எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் மாற்றாதீர்கள். ஏசியும் குழாயும் முதலில். சில இரவுகள் பார்த்துவிட்டு அடுத்தது. இல்லையென்றால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

இரவுப்பறவை

வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்குவதை யூடியூபில் நிறைய பேர் காட்டுகிறார்களே, அது எப்படி?

மலர்_சுவாசப்பிரிவு

மூக்கு அடைத்திருப்பவர் வாயையும் ஒட்டிக்கொள்ளக் கூடாது. வாந்தி வந்தாலும் ஆபத்து. தாடையைத் தாங்கும் பட்டை சிலருக்கு உதவும், சிலருக்கு உதடு வழியாகவே கசியும். கடைசி வழி வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க். அது தப்பான தேர்வு இல்லை, ஆனால் முதலில் மூக்கைச் சரிசெய்து பார்ப்பதே நல்லது.

ஸ்காபரோ_மாறன்

சேகர் அண்ணை, நான் டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே உங்கட ஏசிக்கு நேரெதிர். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓட ஓட வீட்டுக் காற்று வறண்டுபோகும், மூக்கில் ரத்தம்கூட வரும். அதனால் ஈரப்பதம் கட்டாயம் கூட வேண்டும். ஆனால் படுக்கையறையைக் குளிராக வைத்தால் குழாயில் மழைதான். இரண்டையும் சமாளிக்க நான் சூடாகும் குழாய்க்கு மாறினேன். அதைப் போட்டால் மெஷினில் ஆட்டோ என்று ஒரு முறை வரும். குழாயின் வெப்பத்தை மட்டும் நீங்கள் சொன்னால் போதும், ஈரத்தை மெஷினே பார்த்துக்கொள்ளும். 27 டிகிரியில் வரும், 16 முதல் 30 வரை மாற்றலாம். எனக்கு 27-ல் மூச்சு முட்டுவது போல இருந்தது, குறைத்துவிட்டேன். சூடான ஈரக்காற்று சில பேருக்கு அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

சென்னையில் ஏசி போடாத நாளில் இதெல்லாம் தேவையா என்று எனக்கொரு சந்தேகம்.

மலர்_சுவாசப்பிரிவு

நல்ல கேள்வி மாறன். கடலோர ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குபவருக்கு அறைக்காற்றிலேயே ஈரம் நிறைய. அந்த இரவுகளில் 1-லோ 2-லோ வைக்கலாம், சிலர் அணைத்தே வைக்கிறார்கள். ஹியூமிடிஃபையர் கட்டாயச் சிகிச்சை இல்லை, வசதிக்குத்தான். மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது அழுத்தம்தான். ஏசி போட்டால்தான் காற்று உலர்கிறது. ஆக கோடைக்கு ஒரு அளவு, ஐப்பசி மழைக்கு ஒரு அளவு என்று மாறுவது இயல்பு.

நெல்லை_கணேசன்

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே. டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்டால் எங்கள் ஊர் மெடிக்கலில் முழிக்கிறார்கள். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் டிஸ்டில்டுதானே? ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் சுத்தம் என்கிறார் ஒருவர். நான் இப்போதைக்கு ஆர்ஓ தண்ணீர்தான். தொட்டி அடித்தட்டில் வெள்ளையாகப் படிகிறது.

மலர்_சுவாசப்பிரிவு

கணேசன் அண்ணா, பேட்டரி தண்ணீர் வேண்டாம். உப்பு நீக்கியதாக இருக்கலாம், ஆனால் மனிதர் சுவாசிப்பதற்காகத் தயாரித்ததோ அடைத்ததோ இல்லை. ஏசி தண்ணீர் கூடவே கூடாது. அது தூசும் பாசியும் படிந்த தட்டில் தேங்கி வருவது, கிருமி வளர வசதியான இடம்.

வெள்ளைப் படிவு சுண்ணாம்பு உப்பு. ஆர்ஓ எல்லா உப்பையும் எடுப்பதில்லை, சுவைக்காகக் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். அந்த உப்பு உங்கள் நுரையீரலுக்குப் போகாது, ஏனென்றால் இது துளியாகத் தெளிக்கும் மெஷின் இல்லை, ஆவி மட்டுமே மேலே போகிறது. ஆனால் படிவு சேர்ந்தால் தட்டின் சூடு தண்ணீருக்கு ஒழுங்காக ஏறாது, தொட்டியும் சீக்கிரம் கெடும். டிஸ்டில்டு கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. பெரிய மருந்துக் கடையில் சொல்லி வைத்தால் கேனாக வரவழைத்துத் தருவார்கள். கிடைக்காத அன்றைக்கு ஆர்ஓ தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள். கொதிக்கவைத்தால் கிருமி போகும், உப்பு போகாது.

காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நேற்றைய தண்ணீர் மேலேயே இன்றைக்கும் ஊற்றுவதுதான் பாசி நாற்றத்துக்கு முதல் காரணம். தொட்டியை மென்மையான சோப்பில் கழுவி நிழலில் காயவிடுங்கள், வெயிலில் வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து நன்றாக அலசினால் அந்த வெள்ளையும் போகும்.

ஓசோன் வைத்துச் சுத்தம் செய்யும் பெட்டிகளை வாங்காதீர்கள். அப்போது அவற்றைத் தாங்கள் அங்கீகரித்திருக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-லேயே எச்சரித்தது. மிஞ்சி நிற்கும் ஓசோன் மூச்சுக்குழாயை எரிக்கும்.

அம்மாவுக்காக_கீதா

அக்கா, என் அம்மாவுக்கு 67 வயது. தண்ணீர்ப் பிரச்சினை இல்லை, ஆனால் மாஸ்க் போட்டதும் மூக்கு எரிகிறது, விடியற்காலையில் இருமல். டாக்டர் நெஞ்சில் ஒன்றும் இல்லை என்கிறார். சளிக்கு நல்லது என்று தொட்டித் தண்ணீரில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு மாமி. விடலாமா?

மலர்_சுவாசப்பிரிவு

வேண்டவே வேண்டாம் கீதா. தைலம், கற்பூரம், துளசி, ஓமவல்லி எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. ஆவி பிடிப்பது ஐந்து நிமிடம். இது இரவு முழுக்க அழுத்தத்தோடு நுரையீரலுக்குள் தள்ளும் காற்று. மூக்குக்குக் கீழே விக்ஸ் தடவி மாஸ்க் போடுவதும் வேண்டாம், அதிலிருக்கும் எண்ணெய்ப் பசை மாஸ்கின் சிலிக்கோனைக் கெடுத்துவிடும்.

அம்மா படுக்கும் அறையில் சாயங்காலம் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி ஏதாவது உண்டா? மெஷினின் காற்று வாங்கும் பக்கத்தில் என்ன செருகியிருக்கிறது?

அம்மாவுக்காக_கீதா

அக்கா, கொசு மருந்து மெஷின் அதே பிளக் போர்டில்தான் செருகியிருக்கிறது! சிபாப்புக்கு ஒரு சாண் தள்ளி. தினமும் சாம்பிராணியும் போடுவோம். ஃபில்டரைத் திறந்து பார்த்தேன், வெள்ளையாக இருக்க வேண்டியது சாம்பல் நிறத்தில் இருக்கிறது.

மலர்_சுவாசப்பிரிவு

கொசு மருந்தை அறையை விட்டே எடுத்துவிட்டு கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணி கூடத்தோடு நிற்கட்டும். அந்த ஃபில்டரைக் கழுவக் கூடாது, புதிது மாற்றுங்கள். அதிகபட்சம் ஆறு மாதம் என்பார்கள், நம் ஊர்த் தூசுக்கு அதற்கு முன்பே பார்த்து மாற்றிவிடுவது நல்லது. பிறகும் இருமல் நிற்காவிட்டால், அல்லது காய்ச்சல், மஞ்சள் சளி, மூக்கில் ரத்தம் வந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

கோவை_வாசன்

நான் மூக்கடைப்புக்கு ஜலநேத்தி (மூக்கில் தண்ணீர் விட்டுக் கழுவுவது) செய்கிறேன், மாஸ்க் போடுவதற்கு முன்னால். நல்ல பலன். சேகர் சாரும் செய்து பார்க்கலாம்.

மலர்_சுவாசப்பிரிவு

செய்யலாம் வாசன், ஆனால் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் அப்படியே செய்யாதீர்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் அல்லது டிஸ்டில்டு மட்டும். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கில் ஏறும் தண்ணீர் வழியாகத்தான் நுழைகிறது. கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் அதனால் உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் லூசியானாவில் 2011-ல் குழாய்த் தண்ணீரில் மூக்கு கழுவிய இருவர் இறந்தார்கள். சிபாப் தொட்டியில் ஆவி மட்டுமே போவதால் ஆபத்து வேறு மாதிரி. மூக்குக்குள் நேராகத் தண்ணீர் ஊற்றும்போது இந்தக் கண்டிப்பு அவசியம்.

தாம்பரம்_சேகர்

நிலவரம் சொல்கிறேன். ஏசியை 26-ல் வைத்து, குழாய்க்கு வீட்டில் ஒரு காட்டன் உறை தைத்துப் போட்டு, மெஷினை ஸ்டூலுக்கு இறக்கியதும் களக் களக் போய்விட்டது. அதன் பிறகுதான் 8-லிருந்து 4-க்கு வந்தேன். காதுமூக்குத்தொண்டை டாக்டர் மூக்குத்தண்டு லேசாக வளைந்திருக்கிறது, ஆனால் அடைப்புக்குப் பெரிய காரணம் அலர்ஜியும் அந்தச் சொட்டும்தான் என்றார். சொட்டை நிறுத்திய முதல் சில இரவுகள் கொடுமை, மாஸ்கோடு மல்லுக்கட்டினேன். ஸ்பிரே வேலை செய்ய ஆரம்பித்த பிறகு வாடிய முகம் அபூர்வமாகத்தான் வருகிறது. காலையில் தொட்டியில் பாதித் தண்ணீர் மிஞ்சுகிறது. வாய் முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், மல்லாந்து தூங்கினால் இன்னும் காய்கிறது.

வாசன், மலர் மேடம், மாறன் தம்பி, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

நெல்லை_கணேசன்

சார், கரண்ட் போனால் என்ன செய்கிறீர்கள்? எங்கள் இன்வெர்ட்டர் சின்னது.

தாம்பரம்_சேகர்

ஹியூமிடிஃபையரை அணைத்துவிடுவேன். இந்த மெஷினுக்கு 90 வாட் அடாப்டர். அதில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. சூடு இல்லாமல் ஓட்டினால் சின்ன பேட்டரியும் நீண்ட நேரம் தாங்கும். கரண்ட் இல்லாத இரவில் ஏசியும் ஓடாது, அதனால் வறட்சியும் அவ்வளவாகத் தெரிவதில்லை.

அம்மாவுக்காக_கீதா

மலர் அக்கா, கொசு மருந்தை எடுத்ததும் அம்மாவின் எரிச்சல் போய்விட்டது! இருமலும் குறைந்திருக்கிறது. அடுத்த மாதம் கொடைக்கானல் போகிறோம். மெஷினை எடுத்துப் போகத்தானே வேண்டும்? அங்கே குளிருக்கு என்ன செய்வது?

மலர்_சுவாசப்பிரிவு

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது கீதா. கட்டாயம் எடுத்துப் போங்கள், விடுமுறையிலும் மூச்சு நிற்கத்தான் செய்யும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். சேகர் சார் வைத்திருக்கும் அதே ஏர்சென்ஸ் 10 என்றால் 2,591 மீட்டர் வரை ஓடும், வேறு மாதிரி என்றால் கையேட்டில் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அறை குளிராக இருக்கும், அதனால் குழாய்க்கு உறை போட்டு, ஈரப்பதத்தை 3-ல் தொடங்கி, குழாய் காய்ந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கிளம்பும்போது தொட்டியைக் கழற்றி, தண்ணீரைக் கொட்டித் துடைத்துத் தனியாக வையுங்கள். தண்ணீரோடு மலையேறினால் வளைவில் சாய்ந்து மோட்டாருக்குள் போய்விடும்.